மைனா விஷயமாக எழுதித் தரும் விளக்கம்

மெமோவுக்குப் பதில் எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, செயலாளர் சார். என் வீட்டுக்காரர் சிவப்பிரகாசத்துக்கு மைன்ஸில் இருபத்தொன்பது வருஷ சர்வீஸ். அதில் ஒன்பது மெமோ. ஷிப்ட்டுக்கு லேட், ஹெல்மெட் இல்லை, மெஷின் கேபினில் தூங்கினார், சூப்பர்வைசரை ‘யோவ்’ என்றார். ஒன்பதுக்கும் பதில் எழுதியது நான்தான். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். ஒரு இன்கிரிமென்ட்கூட நின்றதில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலிலேயே சின்னத் தப்பு ஒன்றை ஒத்துக்கொண்டுவிட வேண்டும். படிக்கிறவர் மனசு அங்கேயே இளகிவிடும். அப்புறம் நடந்ததை நிதானமாகச் சொல்லலாம்.

ஆகவே ஒத்துக்கொள்கிறேன். மைனா என் பொறுப்பில் இருந்த மூன்று நாளும் என் வீட்டுப் பின்கதவு திறந்துதான் இருந்தது.

நீங்கள் நம்ம குடியிருப்போர் சங்கத்து லெட்டர்பேடில் கேட்டிருப்பது இது: ‘பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சந்திரகலா அவர்களின் மைனா என்கிற வளர்ப்பு நாயை, வேண்டுமென்றே வேறு இன நாயோடு சேர்த்து, அதன் சாவுக்குக் காரணமானது குறித்து ஒரு வாரத்துக்குள் விளக்கம் தரவும்.’ நல்ல தமிழ். உங்கள் சம்சாரம் எழுதினதாக இருக்கும். நீங்கள் எழுதிய பொங்கல் விழா நோட்டீஸை நான் படித்திருக்கிறேன்.

சந்திரகலா எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் செங்குட்டுவன் தெர்மல் பவர் ஸ்டேஷனில் வேலை பார்க்கிறார். குழந்தை இல்லை. எத்தனை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சிதம்பரத்தில் ஒன்று, பாண்டிச்சேரியில் இரண்டு. அதெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு நாள் சென்னையிலிருந்து மைனா வந்தது. விளம்பரத்தில் வருமே, அந்தச் சப்பை மூக்கு நாய். பக் என்பார்கள். பூரிக்கட்டையால் தட்டி வைத்த மாதிரி ஒரு மூஞ்சி. அதன் குறட்டை சுவரைத் தாண்டி என் அடுப்படிக்குக் கேட்கும். முதல் வாரம் நான் அதைச் செங்குட்டுவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மைனாக்குட்டி, பெரியம்மா வந்துருக்காங்க பாரு” என்பாள் சந்திரகலா, நான் உள்ளே நுழைந்ததும். அந்தப் பெரியம்மா நான்தான்.

இப்போது விசாரணைக்கு வருகிறேன். போலீஸ் விசாரணை இல்லை, சம்பந்தம் விசாரிப்பது. சொந்த ஊரில் என்றால் யார் வீடு எப்படி என்று நாலு தெருவுக்குத் தெரியும். டவுன்ஷிப்பில் எல்லோரும் ஒவ்வொரு ஜில்லாவிலிருந்து வேலைக்கு வந்து குடியேறியவர்கள். அதனால் மாப்பிள்ளை வீட்டாரோ பெண் வீட்டாரோ, யார் வந்தாலும் பக்கத்துக் குவார்ட்டர்ஸில்தான் விசாரிப்பார்கள். நம்ம தெருவில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் என்றால் அது பெரும்பாலும் நான்தான். தூரத்து வீட்டைப் பற்றிக்கூட என்னிடம் வந்து கேட்பார்கள். இதுவரைக்கும் பதினேழு குடும்பம் கேட்டிருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறேன். ஆறு சம்பந்தம் நின்றுபோயிருக்கிறது. உண்மையைத் தாங்காத சம்பந்தம் நிற்பதே நல்லது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து உங்கள் மகன் அருண்ராஜைப் பற்றிக் கேட்க வந்தார்களே, அவர்களிடமும் உள்ளதைத்தான் சொன்னேன். அது ஏன் நின்றது என்று நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். இனிமேல் யோசிக்க வேண்டாம்.

எனக்கும் ஒரே ஒரு ரகசியம் இருந்தது. என் மகள் நந்தினிக்கு இரண்டு தடவை வலிப்பு வந்திருக்கிறது. பத்தாவது படிக்கும்போது ஒரு தடவை, காலேஜ் இரண்டாவது வருஷம் ஒரு தடவை. மாத்திரையில் நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேலை பார்க்கிறாள், அப்புறம் வரவே இல்லை. அந்த இரண்டாவது தடவை சந்திரகலா என் வீட்டில் இருந்தாள். நான் கை கால் ஓடாமல் நின்றுகொண்டிருந்தேன். அவள்தான் கீழே உட்கார்ந்து நந்தினியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புடவையெல்லாம் எச்சில். துடைத்துக்கொண்டே சொன்னாள்: “யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்க்கா.”

நம்பினேன். ஊர் ரகசியமெல்லாம் என்னிடம் இருந்தது. என் ரகசியம் அவளிடம் இருந்தது.

2014 மார்ச்சில் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. ஜாதகம் எட்டுப் பொருத்தம். பெண் பார்த்து, பையனும் நந்தினியும் போனில் பேச ஆரம்பித்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனின் அத்தையும் மாமாவும் காரில் வந்தார்கள். முறைப்படி முதலில் சந்திரகலா வீட்டுக்குள் போனார்கள். நான் கேசரி கிளறி வைத்துவிட்டு, அடுப்படி ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தேன். நின்று பார்க்கவில்லை, நின்றுகொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம். நல்ல பெண், தங்கமான பெண் என்று சொல்ல நாலு நிமிஷம் போதும். மீதி முப்பத்தாறு நிமிஷத்தில் என்ன இருக்கும் என்பது பதினேழு குடும்பத்துக்குச் சொன்னவளுக்குத் தெரியாதா? வெளியே வந்த அத்தை என் கேட்டைப் பார்க்கவே இல்லை. கார் திரும்பிப் பண்ருட்டி ரோட்டில் போய்விட்டது. மூன்றாம் நாள் புரோக்கர் போன் செய்தார். ஜாதகம் ஒத்து வரவில்லையாம்.

நந்தினி கேசரியைத் தொடவில்லை. நானும் என் வீட்டுக்காரருமாக இரண்டு நாள் சாப்பிட்டோம்.

சந்திரகலாவிடம் நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் இல்லை என்பாள். இல்லை என்றால் நான் நம்ப வேண்டியிருக்கும். பதினொரு வருஷப் பழக்கம், சார்.

எப்போதும்போல்தான் இருந்தேன். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் காபி குடித்தேன். “பெரியம்மாவுக்கு ஷேக்ஹேண்ட் குடு” என்பாள். மைனா கொடுக்கும். வாங்கிக்கொள்வேன்.

மே மாதம் செங்குட்டுவனின் அக்கா பெண்ணுக்கு மதுரையில் கல்யாணம். மைனா பருவத்துக்கு வந்திருந்த சமயம். சந்திரகலா அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, மூணு நாளு. உங்களை விட்டா யாருகிட்ட விடுவேன்? பின்கதவை மட்டும் தொறக்காதீங்க. இந்தத் தடவை வேணாம், ஒண்ணரை வயசுதான் ஆவுதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அடுத்த தடவை பாண்டிச்சேரியில ஒரு பக் இருக்காம். அதோட சேக்கலாம்.”

“நீ நிம்மதியா போய்ட்டு வா” என்றேன்.

இந்த இடத்தில் நம்ம தெருவுக்குப் பால் ஊற்றும் சிங்காரவேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுன்ஷிப்புக்கு வெளியே கிராமத்தில் மாடு வைத்திருக்கிறார். அதற்கு முந்தின வருஷம் அவருடைய சின்ன நாட்டு மாடு ஒன்றுக்கு ஜெர்சிச் சினை ஊசி போட்டார்கள். கன்று பெரிசாகிவிட்டது. என் பின்வாசலில் பால் அளந்துகொண்டே அழுதார். “சின்ன மாடுங்கம்மா, பெரிய வித்து. தலை வர்ல. ரெண்டு நாளு கத்திகினே கெடந்துச்சு.” நான் அப்போது அவருக்கு ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்லும்போது கேட்ட விஷயங்கள் எனக்கு மறப்பதில்லை.

சிங்காரவேலின் சைக்கிளோடு ஒரு நாய் கூடவே ஓடி வரும், கரியன். யாரோ ஆபீஸர் பங்களாவின் லேப்ரடாருக்கும் கிராமத்து நாய்க்கும் பிறந்தது. கன்றுக்குட்டி உயரம். தவலை மாதிரி தலை. மார்பில் மட்டும் வேப்பிலை அளவுக்கு ஒரு வெள்ளை.

“சிங்காரம், கொல்லையில பலாப்பழம் திருடு போவுது. மூணு நாளைக்கு உன் நாயை இங்க கட்டிட்டுப் போ” என்றேன்.

“கட்டிட்டுப் போறங்கம்மா. சோறு மட்டும் நெறைய துன்னும்.”

“எல்லாம் போடுறேன்.”

மூன்று நாளும் என் வீட்டுக்காரருக்கு முதல் ஷிப்ட். நந்தினி ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய்விடுவாள். ஒன்பது மணிக்கு மேல் நம்ம தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், காக்காய் கத்துவதுதான் சத்தம். இரண்டு நாய்க்கும் உயரம் ஒத்து வரவில்லை. பின்வாசல் படி இருந்தது. மைனாவை மேல்படியில் நிறுத்தினேன். மற்றது இயற்கை. நான் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன்.

‘வேறு இன நாயோடு சேர்த்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். உங்கள் வாசலில் நிற்பது ஒட்டு மாமரம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் பாதி ஒட்டுக் கன்று. நீங்கள் காலையில் குடிக்கிற பால் ஜெர்சிக் கலப்பு. இதற்கெல்லாம் யாரும் மெமோ கொடுப்பதில்லை. அந்தப் பக் நாயின் மூக்கை உள்ளே தள்ளியது யார், கடவுளா? மனுஷன்தான். சப்பையோடு சப்பையைச் சேர்த்துச் சேர்த்து, மூச்சு விடவே திண்டாடுகிற ஒரு ஜீவனை உண்டாக்கி, அதற்கு சர்டிபிகேட்டும் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த தடவை பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் இன்னொரு சப்பையோடு சேர்த்திருந்தால் அது சரி, என் வீட்டுப் படியில் நடந்தால் அது குற்றமா? கலப்புக் குட்டிகள் ஆரோக்கியமாக இருக்கும் என்று அந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரே சொல்கிறார், கேட்டுப் பாருங்கள். மைனாவின் குட்டிக்கு நான் ஒரு மூக்கு கொடுத்தேன். இதை யாராவது மறுக்க முடியுமா?

டாக்டர் இன்னொன்றும் சொல்வார். கலப்பதென்றால் தாய் பெரிசாக, அப்பன் சின்னதாக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் யாரும் இதைத் தலைகீழாகச் செய்ய மாட்டார்கள். எனக்குத் தெரிந்திருந்தது.

சந்திரகலா ஊரிலிருந்து வந்தாள். பால்கோவா கொடுத்தாள். கரியன் அதற்கு முந்தின நாளே போய்விட்டது. ஒரு மாதம் கழித்து மைனாவின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன்: “மன்னிச்சிடு சந்திரா. துணி காயப்போடப் போன நேரத்துல ஒண்ணு மதில் ஏறிக் குதிச்சிடுச்சு. சின்ன நாய்தான், செவலை. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு...”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாண்டிச்சேரியும் வேணாம் ஒண்ணும் வேணாம். போனாப் போவுது விடுங்கக்கா. நம்ம வூட்டுல குழந்தை பொறக்கப் போவுது.” டாக்டரிடமும் சின்ன நாய், செவலை என்றே சொன்னாள். அப்படியானால் பயமில்லை என்றாராம்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு முட்டை கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை ஈரல். பால், பருப்பு சாதம். என் வீட்டுக்காரரே கேட்டார்: “ஏம்மா, எனக்கு ஒரு நாளாச்சும் ஈரல் வாங்குனியா?” வயிற்றில் இருப்பது நன்றாகப் பெருக்க வேண்டுமே என்றேன். அவர் சிரித்தார். சந்திரகலா ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “எங்கம்மா இருந்தாகூட இப்படிப் பாத்திருக்க மாட்டாங்கக்கா.” அவள் தைரியமே நான்தான் என்றும் சொன்னாள். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை, பாருங்கள்.

ஜூலை பதினெட்டு, வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குச் சுவரைத் தட்டினாள். செங்குட்டுவன் அப்போதுதான் ஷிப்ட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். மைனா துணி மூட்டைமேல் படுத்து முக்கிக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்றவள் என்று என்னை உட்கார்த்திவைத்தாள். ஒன்பது மணிக்குக் கேட்டாள்: “அக்கா, ஆட்டோ கூப்பிடட்டா? டாக்டர்கிட்ட போயிடலாம்.”

“தலைச்சன் அப்படித்தான். நேரமாவும். இப்ப அலைக்கழிச்சா அதுதான் ஆபத்து.”

பத்தரைக்கு மறுபடி கேட்டாள். காபி போட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு மைனா சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது. “பாத்தியா, அசந்து தூங்குது” என்றேன். அந்த நாயின் குறட்டையைப் பதினாறு மாதம் சுவர் வழியாகக் கேட்டவள் நான். அது தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு மணிக்கு அவளே என்னைக் கேட்காமல், செருப்புகூடப் போடாமல் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

நாலு குட்டி. முதல் குட்டியின் தலை வழியை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. மூன்று செத்துப் பிறந்தன. கடைசியில் இருந்த ஒன்றை டாக்டர் பிழைக்க வைத்தார். மைனா மேஜை மேலேயே போய்விட்டது. கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருக்கலாமே அம்மா என்றாராம். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கொல்லையில் கொய்யா மரத்தடியில் புதைத்தார்கள். நானும் அழுதேன். வரவழைத்துக்கொண்ட அழுகை இல்லை அது. நாற்பது நிமிஷத்துக்கு ஏழு மணி நேரம் கொஞ்சம் அதிகம்தான். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இதோடு முடிந்திருக்கும். சந்திரகலா அந்தக் குட்டிக்கு இங்க் பில்லரால் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் அது கண் திறந்து, வாசல்வரை நகர ஆரம்பித்தது. கறுப்பு. நீள மூக்கு. மார்பில் வேப்பிலை அளவுக்கு ஒரு வெள்ளை. சிங்காரவேல் பால் ஊற்ற வந்தவர் கேனைக் கீழே வைத்துவிட்டார். அப்போது வாசலில் என் மகள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாங்க பாப்பா, நம்ம கரியன் குட்டி இங்க கீது? அம்மாதான் பலாப்பழத்துக்குக் காவல்னு கட்டிட்டுப் போவச் சொன்னாங்க.” அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: “அம்மாவுக்குத்தான் என் மாடு செத்த கதை தெரியுமே.”

நந்தினி உள்ளே வந்தாள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“எதுக்கும்மா?”

“எது எதுக்கு?”

“நடிக்காத. சிங்காரண்ணன் சொல்லிட்டாரு.”

மறைத்துப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தது. “அவ உன் கல்யாணத்தைக் கெடுத்தா. நாப்பது நிமிஷம் உக்காந்து உன் வியாதியச் சொல்லியிருக்கா” என்றேன்.

“நான் சொன்னேம்மா” என்றாள்.

“என்னது?”

“அவர்கிட்ட நான்தான் சொன்னேன், போன்ல. அவங்க அத்தை வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே. மறைச்சுக் கட்டிக்க எனக்குப் புடிக்கல. அது நெசமான்னு பாக்கத்தான் அந்தம்மா வந்துச்சு. சந்திராக்காவை நாப்பது நிமிஷம் குடைஞ்சிருக்கு. அப்படி ஒண்ணுமே கெடையாது, யாரோ பொறாமையில சொல்றாங்கன்னு அக்கா தன் மடியில இருந்த மைனா தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காங்க. அவர் அன்னைக்கே எனக்குப் போன் பண்ணிட்டாரு. பக்கத்து வூட்டம்மா சத்தியம் பண்றாங்க, நீ இப்படிச் சொல்ற, யாரு சொல்றது நெசம்னு கேட்டாரு. நான் சொல்றதுதான்னேன்.”

“இதை ஏண்டி எங்கிட்டச் சொல்லல?”

“உங்கிட்ட எதைம்மா சொல்ல முடியும்?”

அவ்வளவுதான். மாத்திரை டப்பாவையும் நாலு செட் துணியையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குப் போனவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவளேதான் சந்திரகலாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, உங்களுக்குப் புகாரும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பெற்ற மகள். சாயங்காலத்தில் சுவர் வழியாக அவர்கள் பேச்சு கேட்கிறது. குட்டியின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்பதில்லை. அவ்வளவு நல்ல மூக்கு.

மூன்று நாளாக நான் இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன், செயலாளர் சார். சந்திரகலா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. அதற்காக வருத்தப்பட்டேன். அன்றைக்கு நான் சோறுகூடச் சாப்பிடவில்லை. ஆனால் அந்தச் சத்தியத்தை யோசித்துப் பாருங்கள். சொல்வது பொய் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். என் மகளின் தலையை மடியில் வைத்திருந்தவள் அவள். பிள்ளை பெற்றவர்கள் பிள்ளை தலையில் அடித்து இப்படிப் பொய்ச் சத்தியம் செய்வார்களா? துணிய மாட்டார்கள். யார் தலையில் செய்தோமோ அந்தத் தலைக்குத்தான் அது வந்து சேரும் என்று நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரியும். மார்ச்சில் மைனா தலையில் சத்தியம். ஜூலையில் மைனா போய்விட்டது. நடுவில் நான் செய்ததெல்லாம் கதவைத் திறந்தது, முட்டை கொடுத்தது, நேரமாகும் என்று சொன்னது. நான் ஒரு கருவி.

ஆகவே நாயின் சாவுக்குக் காரணம் சந்திரகலாதான் என்று சங்கத்து மினிட் புத்தகத்தில் பதிந்துகொள்ளவும். அவளிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். பாவம், பிள்ளையைப் பறிகொடுத்தவள்.

இப்படிக்கு,
சி. நாகம்மாள்